மருந்தடித்துவிட்டு வந்தால் வருவது பித்தம் இல்லை
(வாசகர் கேள்விகள், டாக்டர் பதில்கள்)

போன மாதம் கோடை மயக்கத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைச் சொல்கின்றன: மயக்கம் வருவது வெயில் அடிக்கும் எல்லா நாட்களிலும் இல்லை, தோட்டத்துக்கு மருந்தடித்த நாட்களில் மட்டும். அது வேறு கதை, எலுமிச்சம்பழச் சாறில் தீராத கதை. அதனால் இந்த மாதம் அந்தக் கடிதங்களுக்கு மட்டுமே பதில்.

நான் இங்கே பேசுவது ஆர்கனோபாஸ்பேட் என்ற குடும்பத்தைச் சேர்ந்த பூச்சிக்கொல்லிகளைப் பற்றி. மோனோகுரோட்டோபாஸ், புரோபெனோபாஸ், குளோர்பைரிபாஸ், குயினால்பாஸ், அசிபேட், டைமெத்தோயேட், மாலத்தியான் எல்லாம் இதில் வரும். 'பாஸ்' என்று முடியும் பெயர் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான், ஆனால் அப்படி முடியாதவையும் உண்டு. டப்பாவில் பெரிய எழுத்தில் கம்பெனி வைத்திருக்கும் பெயரை விட்டுவிட்டு அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் பெயரைப் படியுங்கள்.

கேள்வி: என் கணவர் கூலிக்கு மருந்தடிக்கப் போகிறார். தக்காளி, கத்திரி, மிளகாய் என்று எல்லாத் தோட்டத்துக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அடித்துவிட்டு வரும் நாட்களில் தலைவலி, கண் மங்கல், வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், சாப்பாடு இறங்காது. பித்தம், வெயில் என்று சொல்லிப் படுத்துவிடுவார். காலையில் சரியாகிவிடும், மறுபடி கிளம்பிவிடுவார். இதற்குப் பயப்பட வேண்டுமா?
(ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம் அருகில்)

பயப்பட வேண்டும், சகோதரி. உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் உறைத்தது அந்த எச்சில்தான். வெயிலில் வாடி மயங்குபவருக்கு வாய் உலர்ந்து நாக்கு ஒட்டிக்கொள்ளும். வாயில் நீர் ஊறினால், அதோடு கண் மங்கி, வயிற்றைப் பிசைந்து, சளி கட்டினது மாதிரி நெஞ்சு இரைந்தால், அது மருந்தின் வேலை என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நரம்பு ஒரு தசைக்கோ சுரப்பிக்கோ 'வேலை செய்' என்று சொல்வதற்கு அசிட்டைல்கோலின் என்ற ஒரு பொருளைத் தெளிக்கிறது. சொன்ன வேலை முடிந்ததும் அந்தப் பொருளை அழித்து நிறுத்துவதற்கு கோலினெஸ்டரேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. மோட்டார் போட ஒருவர், அணைக்க ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பூச்சிக்கொல்லி அணைக்கிற ஆளைக் கட்டிப்போட்டுவிடுகிறது. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், வாய்க்கால் எல்லாம் வழியும். எச்சில், கண்ணீர், வியர்வை, மூக்கொழுகல், வாந்தி, பேதி, நுரையீரலில் நீர் எல்லாம் அப்படி வழிவதுதான். தசைகள் தாமாகத் துடிக்கும், கண் இமையிலும் கெண்டைக்காலிலும் முதலில் தெரியும். பிறகு அதே தசைகள் சோர்ந்து விழும். மூச்சு விடுவதும் தசை வேலைதான் என்பதால் முற்றிவிட்டால் உயிர் போவது அதனால்தான். பூச்சிக்கும் இதே நரம்பு ஏற்பாடுதான், நமக்கும் இதேதான், அதனால் 'பூச்சியை மட்டும் கொல்லும்' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். 1930களில் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற வேதியியலாளர் பூச்சிக்கொல்லி தேடப்போய்க் கண்டுபிடித்தவைதான் தபுன், சரின் என்ற போர் நச்சுகள். இரண்டும் இதே குடும்பம்தான்.

இனி, காலையில் சரியாகிவிடுகிறதே என்பதற்கு வருகிறேன். தலைவலி போகும், நொதி திரும்பியிருக்காது. ரத்தச் சிவப்பணுக்களில் இருக்கும் இந்த நொதி கெட்டுப்போனால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 சதவீதம்தான் மீண்டும் வரும். உங்கள் கணவர் வாரத்துக்கு மூன்று நான்கு நாள் அடிக்கிறார் என்றால், அது நிரம்புவதற்கு முன்னால் மறுபடி மறுபடி குறைகிறது. உடம்பு கொஞ்ச நாள் அதைப் பழகிக்கொண்டு காட்டாமல் இருக்கும். அப்புறம் ஒரு நாள், எப்போதும் அடிக்கிற அதே பத்து டேங்க்தான், திடீரென்று வரப்பிலேயே சாய்ந்துவிடுவார். 'இத்தனை வருஷம் அடிச்சவருக்கு இன்னைக்கு என்ன ஆச்சு' என்று ஊரே கேட்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, இன்றைக்கு அவர் வந்ததும் கண்ணைப் பாருங்கள். வெளிச்சத்தில் வேண்டாம், வீட்டுக்குள் மங்கலான இடத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். மங்கலில் எல்லோருக்கும் கண்பாவை விரியும். அவருக்கு மட்டும் ஊசிமுனை போலச் சுருங்கியே இருந்தால் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். குளோர்பைரிபாஸ் மாதிரி சிலது கொழுப்பில் தங்கி, உடம்புக்குள் போன பிறகுதான் முழு நஞ்சாக மாறும், அதனால் சாயங்காலத்தைவிட நடுராத்திரியில் மோசமாகலாம்.

இரண்டு, கோலினெஸ்டரேஸ் ரத்தப் பரிசோதனை. ஒருவருக்கு ஒருவர் இந்த அளவு நிறைய மாறும் என்பதால், மருந்தடிக்காமல் மாதக்கணக்கில் சும்மா இருக்கும் காலத்தில் ஒருமுறை எடுத்து அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பருவத்தின் நடுவில் இன்னொரு முறை எடுங்கள். கலிபோர்னியாவில் இந்த மருந்துகளை அடிக்கடி கையாளும் தொழிலாளர்களுக்கு 1974 முதல் இப்படிச் செய்வது சட்டம். சிவப்பணு நொதி அவரவர் பழைய அளவில் 70 சதவீதத்துக்கோ அதற்குக் கீழேயோ இறங்கினால் முதலாளி அவரை மருந்து வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும், 80 சதவீதம் ஏறும் வரை திரும்பச் சேர்க்கக் கூடாது. நம் ஊரில் கூலிக்கு மருந்தடிப்பவருக்கு நடைமுறையில் அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன், கேட்டுக்கொண்டே இருக்கவும் போகிறேன்.

அப்புறம் உங்களைப் பற்றி. அவருடைய சட்டையையும் லுங்கியையும் நீங்கள்தானே துவைக்கிறீர்கள்? வெறுங்கையால் துவைக்காதீர்கள், பிள்ளைகள் துணியோடு சேர்த்து ஊறவைக்காதீர்கள். தனி வாளி, ரப்பர் கையுறை, நிறைய சோப்பு. வீட்டுக்குள் நுழைவதற்கு முன் அவர் தலை, நகக்கண் வரை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும்.

கேள்வி: நான் மாஸ்க் போடாமல் அடிப்பதே இல்லை, டாக்டர். அப்படியும் தலை சுற்றுகிறது. மாஸ்க் மட்டமா?
(ஒரு விவசாயி, விருதுநகர் மாவட்டம்)

மாஸ்க்கைக் குறை சொல்ல மாட்டேன், போடுங்கள். ஆனால் வயலில் தெளிப்பவர் உடம்புக்குள் போகும் மருந்தில் பெரும்பங்கு மூக்கு வழியாகப் போவதில்லை, தோல் வழியாகப் போகிறது. இதுதான் இந்த மாதம் நான் எல்லோர் காதிலும் போட நினைக்கும் விஷயம். நாற்றம் மூக்குக்குத் தெரிகிறது, அதனால் மூக்கை மூடுகிறோம். முதுகில் டேங்க் மூடி கசிந்து சட்டை நனைந்து இடுப்பு வரை இறங்குவதை 'வேர்வையோடு வேர்வை' என்று விட்டுவிடுகிறோம்.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பாரத்தியான் என்ற மருந்தை வைத்து, உடம்பில் எந்த இடத்தில் பட்டால் எவ்வளவு உள்ளே இழுக்கும் என்று அளந்தார்கள். முன்கையில் பட்டதில் சுமார் 9 சதவீதம் உள்ளே போனது. தலைத்தோலில் 32, நெற்றியில் 36, அக்குளில் 64. விதைப்பையில் பட்டது கிட்டத்தட்ட முழுவதும் போய்விட்டது. இந்தக் கணக்கை நினைத்துக்கொண்டு நம் ஆட்கள் மருந்தடிக்கும் உடையைப் பாருங்கள். மடித்துக் கட்டிய லுங்கி, பனியன், தலையில் ஒரு துண்டு. இடுப்புயரப் பயிருக்குள் முன்னோக்கி அடித்துக்கொண்டே அந்த ஈரச் செடிக்குள்ளேயே நடந்து போகிறார்கள். தொடையும் இடுப்பும் நனையாமல் என்ன செய்யும்?

2017ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20 பேருக்கு மேல் செத்தார்கள், நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அந்த வருடம் பருத்தி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. அடித்த மருந்து முகத்திலும் மார்பிலும் திரும்ப விழுந்தது. ஒன்றோடொன்று கலந்த மருந்துகள் வேறு.

அதனால் காசு செலவழிப்பதாக இருந்தால் முதலில் ரப்பர் கையுறைக்கும் பூட்ஸுக்கும் முழுக்கால் பேண்ட்டுக்கும் இடுப்பைச் சுற்றிக் கட்டும் ஒரு பிளாஸ்டிக் விரிப்புக்கும் செலவழியுங்கள். துணிக் கையுறை வேண்டாம், அது மருந்தைக் குடித்து வைத்துக்கொண்டு கையோடு ஒட்டியே இருக்கும், வெறுங்கையைவிட மோசம். காற்று முதுகுப்பக்கம் இருக்கிற மாதிரி நில்லுங்கள், அடித்த பகுதிக்குள் போகாமல் பின்னோக்கி நகருங்கள். நாசில் அடைத்தால் வாயை வைத்து ஊதுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம், ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ் போதும். எல்லாவற்றையும்விட ஆபத்தான நேரம் வயலில் இல்லை, கிணற்றடியில் மூடியைத் திறந்து ஊற்றிக் கலக்கும் அந்த இரண்டு நிமிடம்தான். அப்போதுதான் தண்ணீர் சேராத முழு நஞ்சு கையில் படுகிறது. வெயிலுக்கு இந்த உடையெல்லாம் தாங்காது என்பீர்கள், நியாயம்தான். அப்படியானால் காலை 6 மணிக்கு ஆரம்பித்து வெயில் ஏறும் முன் முடித்துவிடுங்கள், மிச்சத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் அண்ணன் பருத்திக்கு அடிக்கும்போது விழுந்துவிட்டார். அங்கிருந்தவர்கள் சாணியைக் கரைத்து வாயில் ஊற்றினார்கள். ஆஸ்பத்திரியில் ஊசி போட ஆரம்பித்ததும் உளறினார், எழுந்து ஓடப் பார்த்தார், கையைக் கட்டிவிட்டார்கள். ஊசிதான் மூளையைக் கெடுக்கிறது என்று பயந்து இரண்டாம் நாளே கையெழுத்துப் போட்டுக் கூட்டிவந்துவிட்டோம். இப்போது நன்றாக இருக்கிறார். தப்பு செய்துவிட்டோமா?
(ஒரு வாசகர், பெரம்பலூர்)

தம்பி, அண்ணன் பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம். ஆனால் கேட்டதால் சொல்கிறேன், நீங்கள் செய்தது பெரிய ஆபத்து.

உளறியது அட்ரோபின் ஊசியால்தான். அது நஞ்சை எதிர்க்கும் மருந்து. ஊமத்தங்காய் தின்றவர் உளறுவாரே, கிட்டத்தட்ட அதே சரக்குதான் இதுவும். நுரையீரலில் தேங்கும் நீர் வற்றும் வரை, சில நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டே போக வேண்டியிருக்கும். அப்போது முகம் சிவக்கும், வாய் உலரும், ஆள் பிதற்றுவார், இல்லாத ஆட்களோடு பேசுவார். பார்க்கிற உறவினருக்கு வயிறு கலங்கும். அளவைக் குறைத்தால் அது தெளியும், மூளை கெடுவதில்லை. (இதைப் படித்துவிட்டு யாரும் ஊமத்தையை அரைத்துக் கொடுக்காதீர்கள். எவ்வளவு கொடுக்கலாம் என்று அளக்கவே முடியாத நஞ்சு அது.)

இரண்டாம் நாள் கூட்டிவந்ததுதான் என்னை உலுக்குகிறது. இந்த நஞ்சில் முதல் கண்டம் தாண்டிய பிறகு இரண்டாவது ஒன்று வரும். ஆள் தெளிந்து, பேசி, இட்லி கேட்டுச் சாப்பிட்டிருப்பார். 24 மணி நேரத்திலிருந்து 96 மணி நேரத்துக்குள், தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போகும், அப்புறம் மூச்சுத் தசைகள் சோரும். இதை 1987ல் உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்கள் இலங்கை மருத்துவர்கள் சேனாநாயக்கவும் கரல்லியத்தவும். அந்த நேரத்தில் வெண்டிலேட்டர் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலானவர்கள் பிழைத்துவிடுகிறார்கள், வீட்டுத் திண்ணையில் இருந்தால் பிழைப்பது கஷ்டம். நான் தாலுகா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலத்தில் இப்படி ஒருவர், 'நல்லாயிட்டேன் சார், எருமைக்குத் தண்ணி காட்டணும்' என்று சிரித்துக்கொண்டே பேர் வெட்டிக்கொண்டு போனார். மறுநாள் மாட்டுவண்டியில் திரும்பக் கொண்டுவந்தார்கள், மூச்சு இல்லை. அதிலிருந்து யார் கெஞ்சினாலும் நான்கு நாள் ஆகாமல் நான் அனுப்பியதில்லை.

இனி இரண்டு மூன்று வாரத்துக்கு அண்ணனின் கால்களைக் கவனியுங்கள். பாதத்தில் எறும்பு ஊர்வது மாதிரி இருந்தால், செருப்பு நழுவினால், முன்பாதம் தூக்க வராவிட்டால் உடனே நரம்பியல் பிரிவில் காட்டுங்கள்.

சாணிக்கரைசல், உப்புத் தண்ணீர், புளிக்கரைசல் எதையும் இனி யாருக்கும் ஊற்ற வேண்டாம். பல மருந்துகளில் பெட்ரோலிய எண்ணெய் மாதிரி ஒரு கரைப்பான் இருக்கும், வாந்தி எடுக்கவைத்தால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அரை மயக்கத்தில் இருப்பவருக்கு வெறும் தண்ணீர்கூட மூச்சுக்குழாயில் போகும். செய்ய வேண்டியது: 108க்கு போன் போடுங்கள், நனைந்த துணி முழுவதையும் கழற்றுங்கள், சோப்பும் தண்ணீரும் விட்டுத் தலையோடு கழுவுங்கள் (கழுவுகிறவர் கையில் பிளாஸ்டிக் பையாவது சுற்றிக்கொள்ளட்டும்), இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள், மருந்து டப்பாவை மறக்காமல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். எத்தனையோ ராத்திரிகளில் 'என்ன மருந்து' என்று கேட்டால் 'வெள்ளை டப்பா சார்' என்பதுதான் பதிலாக வந்திருக்கிறது.

கேள்வி: தென்னையில் கருந்தலைப்புழு வந்தால் வேரில் மருந்து கட்டுகிறோம். அந்த மரத்து இளநீரைக் குடிக்கலாமா?
(தென்னை விவசாயி, பொள்ளாச்சி)

நல்ல கேள்வி, கடையில் இளநீர் வாங்கிக் குடிக்கும் எங்களுக்காகவும் கேட்டிருக்கிறீர்கள். வேரில் கட்டியது மோனோகுரோட்டோபாஸ் என்றால், அது செடிக்குள் ஊடுருவிப் பாயும் மருந்து. 10 மில்லி மருந்தும் 10 மில்லி தண்ணீரும் பையில் கட்டினால் வேர் உறிஞ்சி ஓலை வரை கொண்டுபோகும், அப்படிப் போவதால்தான் புழு சாகிறது. இளநீருக்கு மட்டும் அது வழி விலகாது. அதனால்தான் மருந்து கட்டினால் 45 நாட்களுக்குக் காய் வெட்டக் கூடாது என்று வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரையிலேயே இருந்தது. ஆனால் இளநீர் வெட்டு கிட்டத்தட்ட மாதம் ஒருமுறை வருகிறது. 30க்கும் 45க்கும் நடுவில் இருக்கும் அந்த இரண்டு வாரம்தான் பிரச்சினை, வியாபாரி வண்டியோடு வந்து நிற்கும்போது 'இந்த மரத்தில் ஏறாதே' என்று சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? மருந்து கட்டிய மரத்துக்கு வர்ணம் அடித்துத் தேதி எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, 2023ல் மத்திய அரசு மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீதக் கரைசலையே நிறுத்த உத்தரவிட்டது, இருந்த சரக்கைத் தீர்க்க மட்டும் அவகாசம் கொடுத்தது. பழைய பழக்கத்தில் யாராவது எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். கருந்தலைப்புழுவைக் கொல்ல பிராக்கான், கோனியோசஸ் என்ற குட்டிக் குளவி ஒட்டுண்ணிகளை விடும் முறை உங்கள் பக்கத்தில் பலருக்குத் தெரிந்ததே. ஆழியாறு நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் விசாரியுங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டுக் கறிவேப்பிலையில் மருந்து என்று இங்கே அடிக்கடி பேசுகிறார்கள். கழுவினால் போகுமா?
(ஒரு இல்லத்தரசி, பாலக்காடு)

கொஞ்சம் போகும், முழுக்கப் போகாது. மேலே படிந்து நிற்கும் புரோபெனோபாஸ், எத்தியான் மாதிரியானவை ஓடும் தண்ணீரிலும் புளித்தண்ணீரிலும் ஓரளவு குறையும். கேரள வேளாண் பல்கலைக்கழகமே கறிவேப்பிலையைப் புளிக்கரைசலில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கழுவச் சொல்கிறது. ஆனால் அசிபேட், டைமெத்தோயேட் மாதிரி ஊடுருவும் மருந்து இலைக்குள்ளேயே இருக்கும், எந்தக் கழுவலுக்கும் அசையாது. காய்கறிக்கு மோனோகுரோட்டோபாஸ் அடிக்கக் கூடாது என்பது இந்தியாவில் 2005லேயே வந்த உத்தரவு, அதற்குப் பிறகும் அடித்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அம்மா, ஒன்று சொல்கிறேன். தட்டில் வரும் எச்சத்தைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. ஆனால் உங்கள் தாளிப்பில் விழும் அந்த ஒரு இணுக்கில் இருப்பதைவிடப் பல மடங்கு, அதை அடித்தவர் தோலிலும் ஒடித்துக் கட்டிய பெண்கள் கையிலும் போயிருக்கும். ஒரு தொட்டியில் கறிவேப்பிலை வைத்துக்கொள்ளுங்கள், அது எளிது. அவர்களுக்காகவும் பேசுங்கள்.

கேள்வி: நான் ஐந்து மாத கர்ப்பிணி. புது வீட்டில் கரையானுக்கு குளோர்பைரிபாஸ் அடிக்கலாம் என்கிறார்கள். வீட்டுக்குப் பின்னாலேயே வயல், அங்கும் அடிக்கிறார்கள். குழந்தையைப் பாதிக்குமா?
(ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்)

வீட்டுக்குள் அடிக்க விடாதீர்கள். நியூயார்க்கில் வீட்டுப் பூச்சிக்காக குளோர்பைரிபாஸ் அடித்த காலத்தில் கர்ப்பமாக இருந்த தாய்மார்களின் தொப்புள்கொடி ரத்தத்தில் அதை அளந்து, பிள்ளைகளை ஏழு வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் விவசாயக் கூலிக் குடும்பத்துத் தாய்மார்களை வைத்து, சிறுநீரில் இந்தக் குடும்ப மருந்துகளின் தடயத்தை அளந்து இன்னொரு ஆய்வு. 2011ல் இரண்டும் வெளிவந்தன. தாய்க்கு அதிகம் பட்டிருந்த பிள்ளைகள் அறிவுத்திறன் சோதனையில் பின்தங்கினார்கள். சலினாஸில் மிக அதிகம் பட்டவர்களுக்கும் மிகக் குறைவாகப் பட்டவர்களுக்கும் இடையில் 7 புள்ளி வித்தியாசம். வீட்டு உபயோகத்தை அமெரிக்கா 2001 வாக்கில் நிறுத்தியது, ஐரோப்பிய ஒன்றியம் 2020ல் வயலிலிருந்தே விலக்கியது.

இதைப் படித்துவிட்டு அழாதீர்கள், அது ஒரு கூட்டத்தின் சராசரி, உங்கள் பிள்ளையின் ஜாதகம் இல்லை. கரையான் வேலை அவசியமென்றால் வேறு மருந்தில், பிரசவத்துக்குப் பிறகு, நீங்களும் குழந்தையும் அம்மா வீட்டில் இருக்கும்போது செய்யட்டும். பின்னால் வயல்காரரிடம் மருந்தடிக்கும் நாளை முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள், அன்று துணி காயப்போடாதீர்கள், ஜன்னலை மூடுங்கள், முடிந்தால் அன்றைக்கு வேறு வீட்டில் இருங்கள்.

கேள்வி: நான் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறேன். அவ்வளவு ஆபத்தென்றால் அரசாங்கம் ஏன் விற்க விடுகிறது? எல்லாவற்றையும் தடை செய்துவிட்டால் விளைச்சல் என்ன ஆகும்?
(ஒரு வாசகர், தேனி மாவட்டம்)

தடை வந்துகொண்டுதான் இருக்கிறது, மெதுவாக வருகிறது என்பதுதான் என் வருத்தம். 2018 உத்தரவில் மெத்தில் பாரத்தியான், டயசினான், பென்தியான் போன்றவை போயின, டைக்ளோர்வாஸ், போரேட், டிரையசோபாஸ் போன்றவற்றுக்கு 2020 கடைசி வரை கெடு கொடுத்தார்கள். அதற்கு அப்புறம் மோனோகுரோட்டோபாஸ். நம் மாநில அரசும் சில வருடங்களுக்கு முன் ஆறு சரக்குகளை 60 நாட்களுக்கு நிறுத்திவைத்தது. ஆறுமே இந்தக் குடும்பம் அல்லது இந்தக் குடும்பம் கலந்தது. 60 நாளில் என்ன மாறும் என்று அப்போதே எனக்கு ஆதங்கம்.

விளைச்சலுக்கு வருகிறேன். இலங்கையில் 1995ல் மோனோகுரோட்டோபாஸையும் மெத்தமிடோபாஸையும் நிறுத்தினார்கள், பிறகு ஒவ்வொன்றாக டைமெத்தோயேட், பென்தியான் வரை போனார்கள். அதனால் நெல் விளைச்சல் விழவில்லை என்று ஆய்வு செய்து சொன்னார்கள். விழுந்தது வேறொன்று. 1995க்கும் 2015க்கும் இடையில் அந்த நாட்டின் தற்கொலை விகிதம் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. ஆத்திரத்தில், அவமானத்தில் ஒரு நிமிடம் புத்தி தடுமாறுகிறவர் கைக்கு எட்டும் இடத்தில் கொடிய நஞ்சு இல்லை என்றால், அந்த நிமிடம் கடந்துபோகிறது, ஆள் இருக்கிறார். தனக்காக அழ ஒருவர் இருக்கிறார் என்பது மறுநாள் காலையில் தெரிந்துவிடுகிறது. வீட்டில் யாராவது மனம் உடைந்து பேசினால் மருந்து டப்பாவை வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள், உதவி எண்களான 104க்கோ 14416க்கோ கூப்பிடச் சொல்லுங்கள், நீங்களே கூப்பிட்டுக் கொடுங்கள்.

நீங்கள் கடைக்காரர், உங்களிடம் ஒரு வேண்டுகோள். டப்பாவில் இருக்கும் முக்கோணத்தைக் காட்டிச் சொல்லிக்கொடுங்கள். சிவப்பு என்றால் மிகக் கொடியது, மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம், பச்சை என்று குறைந்துகொண்டே வரும். பச்சை என்றாலும் மோர் இல்லை. இலையில் நாலு பூச்சி தெரிந்ததும் ஓடிவருகிறவரிடம் இன்னொரு வாரம் பார்க்கச் சொல்லுங்கள், மூன்று மருந்தைச் சேர்த்து 'காக்டெயில்' என்று கலந்து கொடுக்காதீர்கள். அப்புறம், காலி கேன். எத்தனை தடவை கழுவினாலும் அதில் எண்ணெயோ தண்ணீரோ வைக்கக் கூடாது. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் செத்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் இருந்தது. கேனை நடுவில் ஓட்டை போட்டுத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் கடையில் தொடங்கட்டும்.

கேள்வி: என் மாமியார், ஆட்டு உண்ணிக்கு வயல் மருந்தைத் தண்ணீரில் கலந்து தேய்க்கிறார். அதையே கொஞ்சம் எண்ணெயில் விட்டு மகளின் தலையில் பேனுக்குத் தடவலாம், நாங்களெல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம் என்கிறார். தடவலாமா?
(ஒரு வாசகி, புதுக்கோட்டை)

தடவவே கூடாது. மேலே சொன்ன கணக்கில் தலைத்தோல் 32 சதவீதம் இழுக்கும், அது பெரியவர்களுக்கு. உங்கள் மகளின் எடைக்கு அதே சொட்டு எத்தனை மடங்கு கனம் என்று யோசியுங்கள், அதிலும் சொறிந்து புண்ணான தலை, எண்ணெய் வேறு. கடையில் கிடைக்கும் பெர்மெத்ரின் பேன் லோஷனும் ஈர்கொல்லிச் சீப்பும் போதும், வாரம் ஒருமுறை பார்த்தால் இரண்டு மூன்று வாரத்தில் போய்விடும். ஆட்டுக்கு கால்நடை மருத்துவமனையில் தரும் உண்ணி மருந்து மட்டும். மாமியாரிடம் சண்டை வேண்டாம். இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள், அந்த டப்பாவை மட்டும் இன்றைக்கே பரணிலிருந்து இறக்கி, பூட்டுப் போட்ட பெட்டியில் வைத்து, சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.